நம்பர் போட்ட மரம்

வனத்துறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சீருடை கொடுப்பார்கள். அடுத்ததாக ஒரு பெயிண்ட் டப்பாவும் பிரஷும் கைக்கு வரும். மரத்துக்கு எண் போடு, எல்லைக் கல்லுக்கு வெள்ளை அடி, பிடித்து வந்த கட்டைக்குக் குறி போடு என்று முதல் வருடம் முழுக்கப் பெயிண்ட் வாசனையோடுதான் வீட்டுக்குப் போவீர்கள். அதற்குள் எங்கே போனாலும் ஜீப்பில் போகிற பழக்கமும் வந்துவிடும். இந்த இரண்டைப் பற்றி மட்டும் உங்களிடம் பேச ஆசைப்படுகிறேன். சட்டப்பிரிவுகள், கட்டையை அளப்பது, பர்மிட் எழுதுவது எல்லாம் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கே பாதி மறந்துவிட்டது.

உங்களில் ஒரு பெண் சமீபத்தில் என்னைப் பார்க்க வந்தபோது, "மேடம், உங்க சர்வீஸ்ல பெரிய கேஸ் எது?" என்று கேட்டாள். லாரியை மறித்தேன், துரத்தினேன் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள் போலிருக்கிறது. ஒரு மரம் என்றதும், பாவம், முகம் வாடிப்போனது. லாரியோடு பிடித்த கட்டைகள் எல்லாம் செஞ்சி ஆபீஸ் வளாகத்தில் கறையானுக்குத் தீனியாகிக்கொண்டிருக்கின்றன, வேண்டுமானால் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு சந்தன மரத்தைப் பற்றி. அதுவும் பெரிய மரம் இல்லை, ஒரு ஆள் கட்டிப் பிடித்தால் கை மிஞ்சும்.

செஞ்சிச் சரகத்துக்கு நான் ரேஞ்சராக மாற்றலாகி வந்த புதிதில், மலைகளைப் பார்த்து இது காடா கல் குவியலா என்று சலித்துக்கொண்டவள்தான். பாறை, முள், இடுக்கில் ஆவாரம். ஆனால் அடிவாரத்துக் கொல்லைகளின் வேலியோரம் சந்தனம் தானாக முளைக்கும். பறவை பழத்தைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிட்டுப் போய்விடும். கொல்லைக்காரர் நடவும் இல்லை, கேட்கவும் இல்லை. முளைத்த நாளிலிருந்து அவருக்குத் தலைவலி. மரம் அவருடையதுதான் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை வெட்டவும் விற்கவும் நம் துறைதான் வரவேண்டும். திருட்டுப் போனாலோ, முதல் விசாரணை அவரிடம்தான்.

பஜாரில் மர டிப்போ வைத்திருந்த ஒருவர் இதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வார். சோதனைக்குப் போனால் டீ வரவழைத்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"மேடம், இந்தக் கட்டை மலேசியா. அந்தாண்ட கெடக்குறது ஆப்பிரிக்கா. கப்பல்ல ஏறி, லாரியில எறங்கி, செஞ்சி வரைக்கும் வந்துடுச்சு. எல்லாத்துக்கும் பேப்பர் கீது, பாத்துக்கோங்க. இந்தா இருக்குற சிங்கவரத்துக்காரன் அவன் கொல்லை மரத்த இங்க எடுத்தாறதுக்குள்ள எத்தினி ஆபீஸ் படி ஏறணும், சொல்லுங்க?"

அவர் பேப்பர்களில் குறை சொல்ல எனக்கு எதுவும் இருக்காது. ஆனால் அந்தக் கட்டைகளின் மேல் கையை வைக்கும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். இந்த மரம் நின்ற ஊரில் யாருடைய பிழைப்பு இதைச் சுற்றி இருந்தது? இது விழுந்த அன்று யார் வீட்டு வாசலில் எந்த அதிகாரி போய் நின்றார்? துறைமுகத்தில் அடித்த முத்திரையில் அதெல்லாம் இருக்காது. நமக்குத் தெரிந்தது நம் பக்கத்துக் கதை மட்டும்தான். அதைச் சொல்கிறேன்.

நான் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு தொண்டூர்ப் பக்கம் ஒரு பெரியவரின் கொல்லையில் இருந்த சந்தன மரத்தை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விசாரிக்க வேண்டும் என்று பெரியவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பின்சீட்டில், இரண்டு பக்கமும் சீருடைக்கு நடுவில். அவர் மேல் ஒன்றும் இல்லை என்று சாயங்காலமே அனுப்பியும் விட்டார்கள். நம் பதிவேட்டில் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. ஊரில் முடியவில்லை. ஜீப்பில் ஏறினதை எல்லோரும் பார்த்தார்கள், விடுவித்த செய்தி யார் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட "ஜீப்ல போனாரே, அவரு" என்று அடையாளம் சொன்னவர்கள்தான் அதிகம்.

ஒரு கோடையில் எங்கள் வனக்காப்பாளர் காசி வந்து சொன்னார்: "மேடம், சிங்கவரத்தாண்ட ஏழுமலை கொல்லையில நம்ம நம்பர் போட்ட சந்தனம் வாடிக்கினு இருக்குது. நோவு மாதிரி தெர்ல."

ஜீப்பில் போனோம். மற்றவர்களைப் போல எனக்கும் அப்போது அது உறுத்தவில்லை. கிணற்றை ஒட்டி மரம் நின்றது. வெள்ளைப் பட்டை அடித்து, அதன் மேல் சிவப்பில் எண். பழைய கணக்கெடுப்பில் போட்டது. எண் மட்டும் பளிச்சென்று இருந்தது, மரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. மரத்தின் தோலில் வெட்டு இல்லை. வேரடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் இல்லை, ஆசிட் இல்லை.

பிறகுதான் வேலியைப் பார்த்தேன். கொல்லையின் மூன்று பக்கமும் புங்கனும் நொச்சியும் ஆவாரமும் புதராக மண்டிக் கிடந்தன. மரம் நின்ற பக்கம் மட்டும் புல் பூண்டு இல்லாமல், புதிதாக மொட்டை அடித்த தலை மாதிரி சுத்தமாக இருந்தது. சந்தன மரம் தன் சாப்பாட்டைத் தானே முழுதாகத் தேடிக்கொள்ளாது. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைச் செருகித்தான் பாதிப் பிழைப்பை நடத்தும். அக்கம்பக்கத்தை வேரோடு எடுத்துவிட்டால் அது வாடும். மரத்தைத் தொடவே வேண்டாம். சொந்தக் கொல்லையில் ஆவாரஞ் செடியைப் பிடுங்குவது எந்தச் சட்டத்திலும் குற்றமும் இல்லை.

ஏழுமலை துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைக்கிற மனிதர். அவர் மனைவி அஞ்சலை இரண்டடி முன்னால் நின்றார்.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"யூடியூப்ல பாத்தேன் மேடம்" என்றார் ஏழுமலை, தரையைப் பார்த்துக்கொண்டு. "சந்தனம் வளக்கறது எப்டின்னு ஒருத்தர் சொல்றாரு. பக்கத்துல தொவர போடுங்க, செடி இருந்தாதான் மரம் நிக்கும்னாரு. நான் அத அப்டியே தலகீழா பண்ணேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அதற்குள் அஞ்சலை ஆரம்பித்துவிட்டார்.

"எங்களுக்கு மட்டும் ஆசையா மேடம்? நம்பர் போடாதீங்கன்னு அன்னிக்கே கால்ல உழாத கொறையா சொன்னோம். தொண்டூர்ல இன்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா? எவனாவது வந்து அறுத்துக்கினு போய்டுவான். நீங்க வந்து எங்க ஊட்டுக்காரர ஜீப்ல ஏத்திக்கினு போய்டுவீங்க. பொண்ணு போலீஸ் செலக்சன் பாஸ் பண்ணிக்கீது. வெரிபிகேசனுக்கு எப்ப வேணா ஆள் வருவாங்க. மரம் பட்டுப்போச்சுன்னா யாரும் திருட மாட்டான், எங்களுக்கும் டென்சன் இருக்காதுன்னு பாத்தோம்."

காய்ந்த சந்தனத்தையும் திருடுவார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகள் சுகன்யா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் கோட்டை ரோட்டில் ஓடுகிற பெண்களில் ஒருத்தியாக அவளை நான் பார்த்திருக்கிறேன். "எங்க நைனா மேல கேஸ் வந்தா எனக்கு வேல கெடைக்குமா மேடம்?" என்று நேராகக் கேட்டாள்.

அப்பா மேல் இருக்கும் வழக்கு மகளின் வேலையைத் தடுக்கக் கூடாது. ஆனால் விசாரிக்க வருகிறவர் டீக்கடையில் கேட்பார், டீக்கடைக்காரர் "ஜீப்ல போனாரே" என்பார், அது எப்படி எழுதப்படும் என்று யாருக்குத் தெரியும்?  எனக்கு அவர்கள் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் எங்கள் துறை மேல் திரும்பியது. மரத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை விதிகளும். அந்த விதிகளுக்குப் பயந்து ஒரு குடும்பம் மரத்தைப் பட்டினி போட்டுக் கொன்றுகொண்டிருந்தது. வெளியில் தெரிந்தது இவர்கள் மட்டும்தான். மற்ற கொல்லைகளில் கன்றாக இருக்கும்போதே சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்டிருப்பார்கள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

"வேலிய வளர விடுங்க" என்றேன். "மரம் திருட்டுப் போனா உடனே எனக்கு போன் பண்ணுங்க. உங்க ஊட்டுக்காரர ஜீப்ல ஏத்த மாட்டேன். இது நான் குடுக்கற வார்த்தை."

"நீங்க மாத்தலாகிப் போய்ட்டா?" என்றார் அஞ்சலை.

என் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மழை வந்ததும் வேலி தழைத்தது. ஏழுமலை மரத்தைச் சுற்றித் துவரையும் விதைத்தார், இந்தத் தடவை யூடியூப்காரர் சொன்னபடியே. மரம் மெல்ல இலை விட்டது. மேலதிகாரியிடம் நான் நடந்ததை அப்படியே சொன்னேன். வேண்டுமென்றே மரத்தைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறான், கேஸ் போடாமல் வந்தாயா என்று அவர் கடிந்துகொண்டார். இரக்கப்பட்டால் மரம் கைவிட்டுப் போகும் என்றும் எச்சரித்தார்.

போயும் விட்டது.

அன்று கரண்ட் நிறுத்துகிற நாள். மாதம் ஒரு முறை லைன் வேலைக்காக நிறுத்துவார்கள், கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவார்கள். மோட்டார் ஓடாது என்பதால் கொல்லைப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். ஏழுமலை மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செஞ்சிக் கமிட்டிக்குப் போயிருந்தார். அதாவது விற்பனைக்கூடத்துக்கு. அஞ்சலை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். மகளும் வீட்டில் இல்லை. பட்டப்பகலில் ஒரு சின்ன வேன் வந்திருக்கிறது. தலையில் மஞ்சள் தொப்பி போட்டவர்கள் இறங்கி, பேட்டரி ரம்பத்தை வைத்து அறுத்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் தூரத்திலிருந்து பார்த்தும் இருக்கிறார்.

"கரண்ட்காரங்கன்னுதான் நெனச்சேன் மேடம். அவங்கதான மாசாமாசம் கெளை வெட்றாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் போன் செய்தது ஏழுமலையேதான். "மேடம், மரம் போச்சு."   ஜீப்பை மெயின் ரோட்டிலேயே காசியிடம் விட்டுவிட்டு நடந்தேன். கொல்லை முழுக்கக் கூட்டம். அறுத்த கட்டையின் வாசனை காற்றில் நின்றது. அதைவிட மணமான குற்ற இடத்தை நான் பார்த்ததில்லை.

விழுப்புரத்திலிருந்து மேலதிகாரியின் போன் வந்தது. "என்னம்மா, சொன்னேனா இல்லியா? வாட வெச்சுப் பாத்தான், முடியல. ஆள வெச்சு அறுத்து வித்துட்டான். கமிட்டிக்குப் போனதெல்லாம் நாடகம். அவன ஜீப்ல ஏத்தி ஆபீசுக்குக் கொண்டு வா. நானும் செஞ்சிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

கூட்டம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சுகன்யா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விசாரணைக்கு அந்த வாரம் ஆள் வருவதாக இருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்போது என் மனதில் ஓடியதை உங்களிடம் மறைக்க மாட்டேன். மேலதிகாரி சொல்வது உண்மையாகவும் இருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. மரத்தால் தொல்லைப்பட்ட மனிதர், ஒருவன் வந்து பேசியிருந்தால் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். நான் கொடுத்த வார்த்தை அவருக்கு வசதியாகவும் போயிருக்கலாம்.  இந்த மாதிரி நேரத்தில் யாராவது வந்து இப்படிச் செய் என்று சொல்லமாட்டார்களா என்று இருக்கும். யாரும் வரமாட்டார்கள்.

மறுபடி போய் அடிக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரம்பம் தரைக்கு ஒரு சாண் மேலே ஓடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தனத்தில் எண்ணெய் நிறைந்த பகுதி வேர்தான். நேரம் இருக்கிறவன் மரத்தை அறுக்கமாட்டான், மண்ணைத் தோண்டி வேரோடு சாய்ப்பான். அவசரக்காரன்தான் மேலே அறுத்துக்கொண்டு ஓடுவான். கொல்லைக்குச் சொந்தக்காரனுக்கு என்ன அவசரம்? கிணற்று வேலை என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் தோண்டினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? இங்கே வேர் முழுசாக மண்ணுக்குள் இருந்தது. ஒரு கல் கூடப் பெயரவில்லை.

ஏழுமலையை அருகில் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டேன். "நீங்க வித்தீங்களா?"

"இல்ல மேடம்" என்றார். "நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

கிணற்றுச் சுவரில் பேப்பரை வைத்து, அவர் சொல்லச் சொல்லப் புகாரை எழுதினேன். கொல்லைக்காரர் ஏழுமலை கொடுக்கும் புகார், அடையாளம் தெரியாத ஆட்கள் மேல். பக்கத்துக் கொல்லைக்காரர் சாட்சி. எழுதி முடித்ததும் கூட்டத்துக்கு நடுவில் உரக்கப் படித்துக் காட்டினேன். ஏழுமலை கையெழுத்துப் போட்டார். இனி அதை ஆபீசில் பதிய வேண்டும், அதற்கு அவரும் வரவேண்டும். ரோட்டில் ஜீப் நின்றது. ஊர் நடுவே அவரை அதில் ஏற்றினால் நான் படித்துக் காட்டியதெல்லாம் வீண். அவருடைய மொபெட் வேலியோரம் நின்றது.

"வண்டிய எடுங்க" என்றேன். "நான் பின்னால உக்காந்துக்கறேன்."

"ஐயோ, வேணாம் மேடம். சாக்கு மூட்ட ஏத்தற வண்டி."

"நானும் ஒரு மூட்ட கனந்தான் இருப்பேன். எடுங்க."

சிங்கவரத்திலிருந்து செஞ்சி வரை, சீருடையோடு, ஒரு விவசாயியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பின்னால் காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு காசி. பஜாரில் டிப்போக்காரர் கடையை விட்டு வெளியே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் கைகாட்டின. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. இந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால் இந்தக் காட்சியை ஊர் என் ஆயுசுக்கும் மறக்காது.

மேலதிகாரி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். மொபெட் வந்து நின்றதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா கூத்து இது? ஜீப் இல்லியா?"

"இருக்குது சார். இவர் புகார்தாரர். புகார் குடுக்க வர்றவர எப்படி சார் ஜீப்ல ஏத்திக் கொண்டாறது?"

உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேரைப் பற்றிச் சொன்னேன். இதைக் கோர்ட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்றார். சிரிக்கட்டும், அவர்தான் குற்றவாளி என்று காட்ட நம்மிடமும் ஒன்றும் இல்லையே என்றேன். கோபக்காரர், ஆனால் கெட்ட மனிதர் இல்லை. புகாரை ஒரு தரம் படித்துவிட்டு, "நாளைக்கு இவன்தான்னு தெரிஞ்சா உன் தலைதான் உருளும்" என்றார். சரி என்றேன். புகார் பதிவானது. எனக்கு ஒரு மெமோவும் வந்தது, அதற்கு விளக்கமும் எழுதிக் கொடுத்தேன்.

திருடர்கள் அகப்படவில்லை. எத்தனையோ வழக்குகள் போல இதுவும் நின்றுபோனது. அந்த வாரம் சுகன்யாவைப் பற்றி விசாரிக்க வந்தவருக்கு டீக்கடையில் கிடைத்த செய்தி, ரேஞ்சரம்மா அவங்கப்பா வண்டியில பின்னாடி உக்காந்து போனாங்க என்பதுதான். அவள் இப்போது வேலையில் இருக்கிறாள்.

டிப்போக்காரர் அடுத்த முறை பார்த்தபோது கிண்டல் இல்லாமல் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வேலியோரம் ஆயிரம் மரம் நிக்குது. சந்தனம் எதுன்னு திருடனுக்குத் தேடற வேலையே இல்ல. நீங்கதான் செவப்பு பெயிண்ட்டுல எழுதி வெச்சிக்கிறீங்களே."

சுருக்கென்று இருந்தது. மரத்தில் எழுதாமல் இடத்தை மட்டும் போனில் குறித்து வைத்துக்கொள்ளலாமே என்று மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னும் வந்ததாகத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஏழுமலை போன் செய்தார். ஒரு நடை வந்து போங்க மேடம் என்றார், எதற்கு என்று சொல்லவில்லை. பஸ்ஸில் போனேன். கிணற்றோரம் முள்ளை வெட்டி வட்டமாக அடைத்திருந்தார். உள்ளே துவரை இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதை விலக்கிக் காட்டினார். அடிக்கட்டையைச் சுற்றிலும் வேரிலிருந்து சந்தனக் கன்றுகள் கிளம்பியிருந்தன. சில என் முழங்கால் உயரம் இருந்தன. அறுத்து விற்றவராக இருந்தால் எங்கள் தலை மறைந்ததும் அந்த வேரைத் தோண்டிக் காசாக்கியிருப்பார். இவர் அதற்கு முள்வேலி போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தனை நாள் என் மனதின் ஓரத்தில் கிடந்த சந்தேகம் அந்த இடத்தில்தான் தீர்ந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"நல்லா வருது ஏழுமலை" என்றேன்.

"வருது மேடம்." துவரைச் செடிகளைப் பழையபடி சேர்த்துவிட்டார். "நம்பர் மட்டும் போட்டுடாதீங்க."

"நான்தான் ரிடையராகிட்டேனே. என் கையில இப்ப பெயிண்ட் டப்பா இல்லியே."

"உங்களுக்கு அப்பால வந்தவங்க கையில இருக்குமே மேடம்."

இருக்கிறது. உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்தக் கொல்லைக்கு உங்களில் யாராவது ஒருநாள் போவீர்கள், அந்தக் கன்றுகள் கண்ணில் படும். ஜீப்பை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். டப்பா ஜீப்பிலேயே இருக்கட்டும்.